பாதரச மாடல்கள்: சராசரி பொருந்தினால் போதுமா?

காற்றிலுள்ள பாதரசத்தைக் கணக்கிடும் ஜியோஸ்-கெம், க்ளெமோஸ், ஜெம்-மாக்-எச்ஜி, எக்மெரிட் ஆகிய நான்கு கணினி மாடல்களின் முடிவுகளையும் ஒரே படத்தில் போட்டுப் பாருங்கள். வேறெதோடும் சேராத தனிமப் பாதரசம் வட அரைக்கோளத்தில் கன மீட்டருக்கு 1.5 நானோகிராம் அளவிலும், தெற்கே 1 நானோகிராமை ஒட்டியும் வரும். கண்காணிப்பு நிலையங்கள் அளப்பதும் ஏறக்குறைய அதுதான். இதை வைத்து மாடலுக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது.

தனிமப் பாதரசம் காற்றில் பல மாதங்கள் தங்குவதால் எங்கும் கலந்துவிடுகிறது. அது ஆக்சிஜனேற்றம் அடைவதும், மேகத் துளிகளில் மீண்டும் தனிமமாக மாறுவதும் எவ்வளவு வேகத்தில் நடக்கின்றன என்பதில் உறுதி குறைவு. ஆகவே மீண்டும் தனிமமாக மாறும் வேகத்தைத் திருகித் திருகிச் சராசரியைப் பொருத்துவது வழக்கம். இரண்டு வேகங்களையும் சேர்த்து உயர்த்தினால் சராசரி அசையாது. விடையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுவது போலத்தான்.

குட்டு உடைவது பருவ மாற்றத்தில். 2013ஆம் ஆண்டு அளவீடுகளோடு ஒப்பிட்டு 2017இல் வெளியான பன்மாடல் ஆய்வு பாதரசத்தை ஆக்சிஜனேற்றும் புரோமின், ஹைட்ராக்சில், ஓசோன் ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டிப் பார்த்தது. புரோமின் மட்டும் இருந்தால், தரையருகே தனிமப் பாதரசத்தோடு ஒப்பிட்ட ஆக்சிஜனேறிய பாதரசத்தின் விகிதம் வசந்தத்தில் உச்சம் தொடுவது சரியாக வருகிறது. ஆனால் மழையோடு இறங்கும் பாதரசமும் வசந்தத்திலேயே உச்சம் காட்டுகிறது. அமெரிக்க, ஐரோப்பிய நிலையங்களில் அது கோடையில்தான். ஹைட்ராக்சிலை வைத்தால் விகிதத்தின் உச்சம் கோடைக்கு நழுவுகிறது. ஓசோனில் பருவ வேறுபாடே பெரிதாக இல்லை.

ஒப்பிடும் முன் அலகைச் சரிபாருங்கள். நிலையத் தரவு 273 கெல்வின், 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற திட்ட நிலைக்கு மாற்றப்பட்டிருக்கும். மாடல் அந்த இடத்துக் காற்றின் அடர்த்தியில் எண்ணைத் தந்தால், ஹவாயில் 3,397 மீட்டர் உயரத்திலுள்ள மௌனா லோவா நிலையத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவாகத் தெரியும். வேதியியலைக் குடைவதற்கு முன் இதைப் பாருங்கள். கலவை விகிதமாகத் தந்தால், திட்ட நிலையில் 1 நானோகிராம் என்பது சுமார் 112 பிபிக்யூ (ஒரு பிபிக்யூ என்பது ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு).

மழையோடு இறங்கும் பாதரசத்தில், அதாவது மழைப் படிவில், மொத்த எண்ணை மட்டும் ஒப்பிட வேண்டாம். 1,000 மி.மீ. மழையில் லிட்டருக்கு 10 நானோகிராம் இருந்தால் சதுர மீட்டருக்கு 10 மைக்ரோகிராம். மாடல் 700 மி.மீ. மழையைத் தந்து, செறிவை 14 என்று காட்டினால் படிவு 9.8. பார்க்க அழகாகத்தான் இருக்கும், இரண்டும் பிழை. மழையளவையும் செறிவையும் தனித்தனியே வையுங்கள். மழையில் பாதரசத்தை அளக்கும் அமெரிக்க வலையமைப்பின் மாதிரிகள் செவ்வாய் முதல் செவ்வாய் வரையிலானவை. மாடலையும் அதே வாரங்களில் கூட்டுங்கள்.

ஆக்சிஜனேறிய பாதரசத்துக்கு வேறொரு சிக்கல். பொட்டாசியம் குளோரைடு பூசிய குழாயில் பிடித்ததில் ஒரு பகுதியை ஓசோனும் ஈரப்பதமும் இழக்கச் செய்கின்றன. அளவீடு குறைவாகவே நிற்கும். மாடல் இரண்டு மூன்று மடங்கு கூட்டிக் காட்டினாலும் குற்றவாளி கருவியாக இருக்கலாம்.

அனல்மின் நிலையங்களை ஒட்டிய கண்காணிப்பு நிலையங்களில் வேதியியலை முழுக்க நிறுத்தி ஒரு முறை ஓட்டுங்கள். எண் பெரிதாக மாறவில்லையென்றால் மாடலுக்குத் தரும் உமிழ்வுப் பட்டியலில் புகைப்போக்கிக்குக் கொடுத்த ஆக்சிஜனேறிய பங்கைத்தான் திருத்த வேண்டும். கந்தகம் நீக்கும் ஈரக் கழுவி உள்ள ஆலை அந்தப் பங்கைப் பெருமளவு தண்ணீரிலேயே பிடித்துவிடும். பட்டியலோ பழைய பங்கீட்டையே வைத்திருக்கும்.