எடை மெஷின் வராந்தாவில் இருந்தபோது

கோத்தகிரிப் பக்கம் மாதம் ஒருநாள் நடக்கும் மனநல கிளினிக்கில் நர்ஸாக இருந்தபோது, எடை, சுகர் கட்டுப்பாட்டு வேலையை என் தலையில் கட்டினார்கள். கையில் கொடுத்த தாளில் முதல் வரியே ‘தினமும் 30 நிமிட நடை’. சிரிப்பு வந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் காலையிலிருந்து சரிவில் ஏறி இறங்குகிறாள். நடக்காதவன், நோய் வந்தபின் எஸ்டேட் லைன் வீட்டுக்குள் முடங்கிவிட்ட அவள் மகன்தான். வெளியே போனால் ஊர் பார்க்கும்; ஜூலையில் மழை; இருட்டினால் காட்டெருமை.

“ராத்திரி எந்திரிச்சு சோத்துச் சட்டியக் காலி பண்ணிடறான் சிஸ்டர், திருட்டுத் தீனி” என்றார் ஒரு அம்மா. திருட்டு இல்லை, அது மாத்திரையின் பசி. மனநோய்க்குத் தரும் ஒலான்சபின், குளோசபின் இரண்டும் இதில் மோசம். வயிறு நிறைந்தாலும் ‘போதும்’ என்ற உணர்வு வராது. இது புரியும்வரை நானும் ‘வாயைக் கட்டு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எடை மெஷினை வராந்தாவில் வைத்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லி எழுதுவோம். அந்த அம்மாவின் பையன் 84 கிலோ. வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த மாதம் 81. கைதட்டினோம், நான்தான் முதலில். எப்படிக் குறைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் அவன் வரவில்லை. தூக்கமில்லாமல், யாரோ பேசுகிறார்கள் என்று கதவை அடைத்துக்கொண்டு கிடந்தான். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. தேறிய பிறகு ஏன் தம்பி மாத்திரையை நிறுத்தினாய் என்று கேட்டேன். “நீங்கதானே சிஸ்டர் எடையக் குறைக்கச் சொன்னீங்க?”

மெஷின் அறைக்குள் போனது. எடை குறைந்தால் முதல் கேள்வி மாத்திரையைப் பற்றி. டாக்டர் சிலருக்கு மருந்தை மாற்றினார், சிலருக்கு மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரையைச் சேர்த்தார். அப்புறம்தான் சாப்பாடு. ஆறு டம்ளர் டீ, டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, கூடவே வர்க்கி. இந்த மலையில் டீயை விடு என்று சொல்ல முடியுமா? கரண்டியை ஒன்றாக்கினோம். ராகிக் களி எவ்வளவு தின்றாலும் சுகர் ஏறாது என்ற நம்பிக்கையோடு இன்னும் மல்லுக்கட்டுகிறேன்.

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்பே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயநோயும் சர்க்கரையும் அதில் பெரும்பங்கு. அமெரிக்காவில் இப்படிப்பட்ட 291 பேரின் எடையைக் குறைக்க நடந்து 2013-இல் வெளியான ‘அச்சீவ்’ ஆய்வில், 18 மாதம் குழு வகுப்பு, தனி ஆலோசனை, உடற்பயிற்சி எல்லாம் கொடுத்தும், அவை இல்லாத குழுவோடு கிடைத்த வித்தியாசம் சராசரி 3.2 கிலோ. இங்கிலாந்தின் ‘ஸ்டெப்வைஸ்’ ஆய்வில் 414 பேர். நாலு வார வகுப்பு, பிறகு அவ்வப்போது தொடர்பு. ஒரு வருட முடிவில் எடையில் வித்தியாசமே இல்லை. மாதம் ஒருநாள் பார்க்கும் நாங்கள் எந்தக் கணக்கில் சேர்த்தி?

நடைக்கு வழி சொன்னது அவன் அம்மாதான். மதிய எடைக்குக் கொழுந்து மூட்டையைத் தூக்க இப்போது அவன்தான் தோட்டத்துக்குப் போகிறான். ஏற்றத்தில் நின்று நின்று போவானாம். போன மாதம் 83. அதை எழுதுவதற்குள் அவனே சொன்னான்: “நேத்து மதியம் அம்மாவுக்கு 14 கிலோ சிஸ்டர்.”