கடை மூடியிருந்தாலும் பேச்சு நிற்க வேண்டாம்

சலூன் நடத்தும் நண்பர்களே, ஷட்டர் இறங்கியிருக்கும் நாளில் உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கமும் இருண்டு கிடக்க வேண்டாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்ந்துகொண்டேதான் இருக்கும். பொறுமை இழந்த வாடிக்கையாளர் வீட்டிலேயே கத்தரியைக் கையில் எடுப்பார். நெற்றி முடியை ஈரத்தோடு வெட்டினால் காய்ந்ததும் மேலேறிவிடும் என்று ஒரு சின்ன ரீல்ஸில் நீங்களே செய்து காட்டுங்கள். சாயம் பூசப்போகிறவரிடம், 48 மணி நேரம் முன்பே தோலில் துளி தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது; அலர்ஜி வந்தால் சாதாரணமாக இருக்காது.

ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், நல்லதைப் பக்கத்தில் நிலைத்து நிற்கும் ஹைலைட்டில் சேர்த்துவிடுங்கள். திறக்கும் தேதி உறுதியானால் வாட்ஸ்அப்பில் முன்பதிவு வாங்குங்கள். ஆகாதவரை தேதி சொல்லாதீர்கள். பழைய வாடிக்கையாளர் படத்தைப் போடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.