முழங்கை இல்லாத கைகள்

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த கித்தா (ரப்பர்) கன்றுகளில் சில, மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் கோலகங்சாரில் நடப்பட்டன. அதே 1877இல் பாரிசில் எமில் ரேனோ ஒரு விளையாட்டுப் பொருளுக்குக் காப்புரிமை வாங்கினார். பிராக்சினோஸ்கோப் என்று பெயர். வட்டமான ஒரு டப்பா, அதன் உள்சுவரில் 12 படங்கள் வரைந்த காகிதப் பட்டை, நடுவில் 12 கண்ணாடித் துண்டுகள். சுழற்றினால் கண்ணாடியில் தெரியும் படம் அசையும். அதற்கு முன்பிருந்த கருவிகளில் சிறு கீறல் வழியாகத்தான் பார்க்க வேண்டும், படம் மங்கலாகத் தெரியும். ரேனோவின் கண்ணாடி அந்தக் குறையைத் தீர்த்தது.

அரை நூற்றாண்டு கழித்து, கித்தாவும் கார்ட்டூனும் ஒரே சொல்லில் சந்தித்தன: ரப்பர் ஹோஸ். 1920களின் கார்ட்டூன் பாத்திரங்களுக்கு முழங்கை கிடையாது, முழங்கால் கிடையாது. கையும் காலும் தண்ணீர் ஊற்றும் ரப்பர் குழாய்போல் வளையும். ஃபீலிக்ஸ் பூனை, ஆஸ்வால்ட் முயல், மிக்கி எலி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பு உடம்பு, வெள்ளை முகம், உருண்டைத் தலை, குழாய்க் கைகால். இதைக் கற்பனை வறட்சி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த உருவங்களைத் தீர்மானித்தது வேலையின் அளவு.

கணக்கைப் பாருங்கள். பேசும் படம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படம், ஓடும். ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் நொடிக்கு 12 ஓவியம். ஏழு நிமிடப் படத்துக்கு 5,040 ஓவியங்கள். ஒவ்வொன்றிலும் முழங்கை எங்கே மடங்குகிறது, சட்டை எங்கே சுருங்குகிறது என்று யோசித்தால் வேலை முடியாது. வட்டத்தை யாரும் வேகமாக வரையலாம், பத்துப் பேர் வரைந்தாலும் ஒரே மாதிரி வரும். உடம்பை முழுக்கக் கறுப்பு மையால் நிரப்பிவிட்டால் உள்கோடுகளே தேவையில்லை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு உருவம் பளிச்சென்று தெரியும்.

ஃபீலிக்ஸ் முதலில் வந்தது 1919இல். அந்தப் படத்தில் அதன் பெயர் மாஸ்டர் டாம், உடம்பும் கோணல்மாணலாக இருக்கும். பிறகு பில் நோலன் என்ற ஓவியர் அதை உருட்டி வடிவமைத்தார். ஃபீலிக்ஸை உருவாக்கி இயக்கியவர் ஓட்டோ மெஸ்மர் என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஆனால் திரையில் வந்ததெல்லாம் ஸ்டூடியோ முதலாளி பாட் சல்லிவன் பெயர். வரைந்த கை யாருடையது என்பது பல பத்தாண்டுகள் வெளியே தெரியாமலே போனது பெரிய அநியாயம்.

மிக்கியின் வெள்ளைக் கையுறைக்கும் இதே கணக்குதான். 1928இல் அதற்குக் கையுறை இல்லை. கறுப்புக் கை கறுப்பு உடம்பின்மேல் வரும்போது காணாமல் போய்விடும், அதனால் 1929இல் மாட்டிவிட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசி, வெள்ளைக் கையுறை போட்டு, கறுப்பின மக்களைக் கேலி செய்த அமெரிக்க மேடைக் கூத்தின் சாயல் இந்தப் பாத்திரங்களில் ஒட்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் வந்தவர் அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே. 1914இல் வந்த அவருடைய டைனோசர் ஜெர்ட்டிக்கு ஆயிரக்கணக்கான ஓவியங்கள், எல்லாம் மெல்லிய அரிசித்தாளில். மேடையில் அவர் நின்று ஒரு பழத்தை எறிவதுபோல் மறைப்பார், திரையில் ஜெர்ட்டி வாயால் பிடிக்கும். அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஜெர்ட்டியை விடுங்கள், பின்னாலுள்ள பாறையைக் கவனியுங்கள். கோடுகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். காரணம், அப்போது பின்னணியைத் தனியாக வைக்கும் வழி இல்லை. உதவியாளர் ஜான் ஃபிட்ஸிம்மன்ஸ் ஒவ்வொரு தாளிலும் அதே பாறையை, அதே தண்ணீர்க் கரையை மறுபடி மறுபடி நகலெடுத்தார். மயிரிழை விலகினாலும் திரையில் அது நடுக்கமாகத் தெரியும். எனக்கு அந்த நடுக்கம் குறையாகவே படவில்லை. அதில் ஒரு மனிதனின் கை தெரிகிறது.

அந்த உழைப்பைக் குறைத்தது செல்லுலாய்ட் தாள். எர்ல் ஹர்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அசையும் உருவத்தை மட்டும் கண்ணாடிபோன்ற தாளில் வரைந்து, ஒரே பின்னணிமேல் வைத்துப் படம் பிடிக்கலாம். முன்பக்கம் மைக் கோடு, பின்பக்கம் வண்ணம். இதிலும் ஒரு தொல்லை உண்டு. தாள் முழுத் தெளிவு இல்லை, ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதைக் கொஞ்சம் மங்கலாக்கும். ஒரு காட்சியில் மூன்று அடுக்கு இருந்து திடீரென்று இரண்டானால் படம் பளிச்சென்று மின்னும். அதனால் தேவையில்லாத இடத்திலும் வெற்றுத்தாளை வைத்து அடுக்கின் எண்ணிக்கையைக் காப்பாற்றினார்கள்.

தாள் நகராமல் இருக்க, துளையும் முளையும் என்ற முறையைக் கொண்டுவந்தவர் ராவுல் பாரே. இதை வீட்டிலேயே செய்யலாம். அலுவலக இரண்டு துளை பஞ்ச் போதும். துளைகளின் நடுவுக்கு நடு 8 சென்டிமீட்டர், துளை விட்டம் சுமார் 6 மில்லிமீட்டர். அதே அளவில் இரண்டு மரமுளைகளை ஒரு பலகையில் ஒட்டிவிடுங்கள். தாள் சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ளது நல்லது, அடியில் விளக்கு வைத்தால் கீழ்க்கோடு தெரியும். தாள்களை ஒவ்வொன்றாகத் துளையிடுங்கள். கட்டாகப் போட்டு அழுத்தினால் அடித்தாளின் துளை விலகும். பத்துப் பதினைந்து முறை மாட்டிக் கழற்றியதும் துளை பெரிதாகி உருவம் ஆடத் தொடங்கும், அப்போது வளைய ஸ்டிக்கர் ஒட்டுங்கள். படம் பிடிக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், தாள்மேல் ஒரு கண்ணாடி வையுங்கள், கைப்பேசி கேமராவின் வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு படமும் வேறு வேறு வெளிச்சத்தில் வரும்.

ஒரு நடையை 12 ஓவியத்தில் முடிக்கலாம். முதல் ஓவியத்தில் வலதுகால் முன்னே ஊன்றுகிறது, ஏழாவதில் இடதுகால். 2, 3இல் உடம்பு தாழ வேண்டும், 4இல் பின்கால் முன்காலைக் கடக்கும், 5இல் தலை உச்சிக்குப் போகும், 6இல் இறங்கத் தொடங்கும். அடுத்த ஆறும் கால் மாறி அதே வரிசை. தலை ஒரே உயரத்தில் போனால் ஆள் நடக்கமாட்டார், மிதப்பார். பின்னணியை ஒவ்வொரு ஓவியத்துக்கும் 6 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஊன்றிய காலும் அதே 6 மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் எண்ணெய்த் தரையில் சறுக்குவதுபோல் ஆகிவிடும். குழாய்க் கைக்கு ஒரு நூல்துண்டு வைத்துக்கொள்ளுங்கள். எப்படி வளைத்தாலும் நீளம் அந்த நூலைத் தாண்டக் கூடாது, வேண்டுமென்றே இழுத்துக் காட்டும் இடத்தைத் தவிர.

குழாய்க் கையின் பலவீனம் எடை. அதில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க வைத்தால் வாளி கனக்காது. 1930களில் டிஸ்னி ஓவியர்கள் மாலை வகுப்பில் மனித உடம்பை வரைந்து பழகினார்கள். 1937இல் ஸ்னோ ஒயிட் வந்தபோது முழங்கை திரும்பிவிட்டது. இடையில் 1930இல் நாய்க்காதோடு பிறந்த பெட்டி பூப் 1932இல் மனுஷியானாள், காது வளையமானது. 1940இல் பக்ஸ் பன்னியும், டாமும் ஜெர்ரியும் வந்தார்கள். அவர்கள் எல்லாரும் எலும்புள்ளவர்கள்.

நம் நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படம் ஹிகாயாட் சாங் கஞ்சில். அரசின் திரைப்படப் பிரிவான ஃபிலெம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் 1978இல் உருவாக்கினார், 1983இல் ஒளிபரப்பானது. இந்தப் பெயரைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒலியைப் பற்றி ஒன்று. 1928 நவம்பர் 18இல் நியூயார்க்கில் திரையான ஸ்டீம்போட் வில்லியில் வாத்தியமும் அசைவும் பிசகாமல் சேர்ந்ததற்குக் காரணம், தாளத்தை முதலில் எண்ணிவிட்டு அப்புறம் வரைந்தது. ஒலிப்பதிவின் முதல் முயற்சி தவறியது. அடுத்த முறை, படச்சுருளிலேயே துள்ளும் பந்து ஒன்றைச் சேர்த்து, இசை நடத்துநர் அதைப் பார்த்துத் தாளம் பிடித்தார். நிமிடத்துக்கு 120 அடி என்றால் அடிக்கு 12 ஃபிரேம். கோயில் திருவிழாவில் அடிக்கும் உறுமியைக் கைப்பேசியில் பதிவு செய்து, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். 1,440ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஓர் அடிக்கான ஃபிரேம் கிடைக்கும். கால் ஊன்றும் ஓவியத்தை அந்த ஃபிரேமில் வையுங்கள். ஒரு ஃபிரேம் முந்தினால் பரவாயில்லை, பிந்தினால் கண் உடனே பிடித்துவிடும்.