ரோஸ்ட்ரோபோவிச்: பெர்லின் சுவருக்கு முன்னால்

ம்ஸ்திஸ்லாவ் ரோஸ்ட்ரோபோவிச் பேரைச் சொன்னாலே எல்லாரும் அந்த ஒரு வீடியோவைத்தான் அனுப்புகிறார்கள். 1989 நவம்பர் 11, பெர்லின் சுவர் திறந்து இரண்டே நாள், கிறுக்கல்கள் நிறைந்த அந்தச் சுவருக்கு முன்னால் இரவல் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் செல்லோவில் (பெரிய வயலின் மாதிரி, உட்கார்ந்து வில்லால் வாசிக்கிற கருவி) பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை வாசிக்கிறார். அவர்தான் இவர். நல்ல வீடியோதான், குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. இழந்ததெல்லாம் அதற்குப் பல வருஷம் முன்னால். அது தெரியாமல் வீடியோவை மட்டும் பார்த்தால், கேமரா இருக்கிற இடத்துக்கு ஓடிவரும் பிரபலம் மாதிரி தெரிவார்.

1927-ல் பாகுவில் பிறந்தவர். அப்பா லியோபோல்டும் செல்லோக்காரர்தான், முதல் குருவும் அவரே. மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் படிக்கும்போது இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சிடம் பாடம் கேட்டார். அவரிடமிருந்து செல்லோவுக்கு ஒரு கான்செர்ட்டோ, அதாவது ஒரு தனிக் கருவியும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற படைப்பு, வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. எப்படிக் கேட்பது என்று ஷோஸ்டகோவிச்சின் மனைவி நீனாவிடமே போய் யோசனை கேட்க, அந்தப் பேச்சை மட்டும் அவரிடம் எடுக்கவே எடுக்காதே, அதுதான் வழி என்றாராம். மனுஷர் வாயை மூடிக்கொண்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். நீனா 1954-ல் இறந்துபோனார். 1959 கோடையில் கான்செர்ட்டோ வந்தது. ஆகஸ்ட் 2 அன்று இசைப்பிரதி கைக்கு வருகிறது, 6-ஆம் தேதி பிரதி இல்லாமல் முழுசாக மனப்பாடமாக ஷோஸ்டகோவிச் முன்னால் வாசித்துக் காட்டுகிறார். நான்கே நாள்! செல்லோவுக்கு எழுதப்பட்டவற்றில் ரொம்பக் கடினமானவற்றுள் ஒன்று அது. துணைக்கு ஆர்கெஸ்ட்ராவே இல்லாமல் செல்லோ தனியாகவே நிற்கிற ஒரு முழு பாகம் வேறு உண்டு.

ப்ரொகோஃபியேவ், பெஞ்சமின் பிரிட்டன் என்று பெரிய இசையமைப்பாளர்களெல்லாம் இவருக்காகவே எழுதினார்கள். ஸ்டாலின் பரிசு, லெனின் பரிசு, வெளிநாட்டுப் பயணங்கள், மாஸ்கோவின் புகழ்பெற்ற போல்ஷோய் அரங்கின் ஆபராப் பாடகி கலினா விஷ்னெவ்ஸ்கயா மனைவி. சோவியத் கலைஞர் ஒருவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அப்புறம் 1968 ஆகஸ்ட் 21. சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகுக்குள் நுழைந்த அன்றே, லண்டன் ஆல்பர்ட் ஹாலில் சோவியத் அரசு ஆர்கெஸ்ட்ராவோடு இவருக்குக் கச்சேரி. ஏற்கெனவே போட்டுவைத்த நிகழ்ச்சி. வாசிக்க வேண்டியதோ, கொடுமையைப் பாருங்கள், செக் நாட்டுக்காரரான த்வொர்ஷாக்கின் கான்செர்ட்டோ. கச்சேரி தொடங்கும்போதே அரங்கில் கூச்சல், அது ஒலிப்பதிவிலேயே கேட்கிறது. இந்த கான்செர்ட்டோவில் செல்லோக்காரர் வில்லைத் தொடுவதற்கு முன் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆர்கெஸ்ட்ரா மட்டும்தான் வாசிக்கும். அவ்வளவு நேரமும் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கன்னத்தில் கண்ணீர் வழிய வாசித்தார் என்று இருந்தவர்கள் சொல்கிறார்கள். முடிந்ததும் த்வொர்ஷாக்கின் இசைப்பிரதியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். மேடையில் ஒரு சோவியத் குடிமகன் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மேடைக்கு வெளியே அதைவிடப் பெரிதாகச் செய்தார். ஒதுக்கப்பட்டுத் தங்க இடமில்லாமல் இருந்த எழுத்தாளர் சோல்ஜெனிட்சினை 1969-ல் ஷூகோவ்காவில் இருந்த தன் வீட்டு வளாகத்தில் குடிவைத்தார். அடுத்த வருஷம் சோல்ஜெனிட்சினுக்கு நோபல் கிடைத்து, அரசுப் பத்திரிகைகள் வசைபாடத் தொடங்கியதும், அவருக்கு ஆதரவாக அந்தப் பத்திரிகைகளுக்கே கடிதம் எழுதினார். ஒன்றும் போடவில்லை. வெளிநாட்டில் வெளியானது. சரி, அதோடு போச்சு. வெளிநாட்டுக் கச்சேரிகள் ரத்து, போல்ஷோய் கதவு சாத்தியாயிற்று, வானொலியில் பேரே வராது. உலகத்தின் முதல் செல்லோக்காரர் என்று பலரும் சொன்ன ஆளுக்கு ஊர்ஊராகச் சின்ன அரங்குகளில் வாசிக்கிற நிலை. 1974-ல் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறினார், 1978-ல் குடியுரிமையும் பறிபோனது.

வாஷிங்டனில் 17 வருஷம் ஆர்கெஸ்ட்ரா நடத்தினார். அந்தப் பக்கம் என்னை அவ்வளவாக இழுக்கவில்லை. கையில் செல்லோ இல்லாத ரோஸ்ட்ரோபோவிச் வேறு யாரோ. 1991-ல் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது வீட்டில்கூடச் சொல்லாமல், விசா இல்லாமல் பாரிஸிலிருந்து விமானம் ஏறி, முற்றுகையில் இருந்த நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். தோளில் ஒரு காவலர் தூங்கிவழிய, அவருடைய துப்பாக்கியை இவர் பிடித்துக்கொண்டிருக்கும் புகைப்படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். 2007-ல் மாஸ்கோவில்தான் இறந்தார்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு: பலரும் பாக் தொகுப்பில் தொடங்கச் சொல்வார்கள். அறுபது தாண்டிப் பதிவு செய்தது, எனக்குக் கொஞ்சம் கனமாகப் படுகிறது. ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவோடு 1959 நவம்பரில் பதிவான அந்த ஷோஸ்டகோவிச் கான்செர்ட்டோவை முதலில் போடுங்கள். எழுதியவரும் பதிவின்போது கூடவே இருந்தார். கொஞ்சம் சத்தமாகவே வைத்துக் கேளுங்கள்.