ஐந்து கோடுகள்

மார்ச் 4, 2024
அப்பாவின் எஞ்சின் கவர் பவுடர் கோட்டிங் கடையிலிருந்து வந்துவிட்டது. பெயின்டுக்குப் பதில் பவுடரைத் தூவி ஓவனில் இளக்கி ஒட்டவைப்பார்கள். பளபளப்பில்லாத மேட் கறுப்பு, மேடாக நிற்கும் ஐந்து கோடுகளும் கறுப்பு. ஆனால் மூன்றாவது கோட்டுக்குக் கீழே ஊசி குத்தின மாதிரி ஏழு துளை. முப்பது வருஷம் எஞ்சின் ஆயில் குடித்த அலுமினிய வார்ப்பு. ஓவன் சூட்டில் அந்த ஆயில் ஆவியாகி, இளகிய பவுடரைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கிறது. முதலில் வெறும் கவரை ஒரு மணி நேரம் சுடுங்கள் என்று கடையில் இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

மார்ச் 5
அப்பாவுக்கு ஆபரேஷன் வியாழக்கிழமையாம்.

மார்ச் 6
பவுடரை உரித்து, கூடவே நின்று சுடவைத்தேன். பழுப்பாக ஆயில் கசிந்து நின்றது. தின்னரில் துடைத்து மறுபடி சுட்டு, அப்புறம்தான் பவுடர். துளை இல்லை.

மார்ச் 7
முடிந்தது. ஐ.சி.யூ.வில் இருக்கிறார் என்றாள் தங்கச்சி.

மார்ச் 8, சிவராத்திரி
தூக்கம் வரவில்லை. கோடுகளின் மேல் உள்ள கறுப்பை மட்டும் தேய்த்தெடுக்க, உப்புத்தாளை மரக்கட்டையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். விரலால் தேய்த்தால் தாள் வளைந்து பள்ளத்துக் கறுப்பையும் தின்றுவிடும். 320, 400, 600 நம்பர் தாள், வர வர நைஸாக, ஒரே திசையில். பவுடர் ஒரு தலைமுடி தடிமன்தான். கறுப்புத் தூளாகவே வந்துகொண்டிருந்தது, சட்டென்று ஓர் இடத்தில் அலுமினியத்தின் வெள்ளி எட்டிப் பார்த்தது, இழுக்க இழுக்கக் கோடாக நீண்டது. விடியும்போது ஐந்தும் தெரிந்தன. இரண்டாவது கோட்டின் நுனியில் கை வழுக்கி, கறுப்பில் நக நீளத்துக்கு ஒரு கீறல். அப்பா முதலில் அங்கேதான் விரல் வைப்பார்.

மார்ச் 9
தூத்துக்குடிக் காற்று. அதுதான் பயம். கறுப்பும் வெள்ளியும் சேரும் ஓரத்தில் உப்பு ஈரம் நுழைந்தால், பவுடருக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளை நூல் ஓடும். எங்கள் அலுமினிய ஜன்னலில் ஓடியிருக்கிறது. நிறமில்லாத கிளியர் பவுடர் அடித்து மூட வேண்டும். பளபளப்புக் கிளியர் என்றால் மேட் போய்விடும், மேட் கிளியர் என்றால் வெள்ளி மங்கிவிடும். எதை விடுவது?

மார்ச் 10
மேட் கிளியர். இல்லை, தெரியவில்லை.

மார்ச் 11
அப்பா பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. “கவர் வந்துட்டால?” என்றார். கீறலைச் சொல்லவில்லை.

மார்ச் 12
பளபளப்பே இருக்கட்டும். அப்பாவுக்குக் கோடு தெரிய வேண்டும். 600-க்கு மேல் தேய்க்கவில்லை, வழவழப்பானால் கிளியர் பிடிக்காது. கையுறை போட்டு ஆல்கஹாலில் துடைத்தேன். ஒரு விரல் ரேகை பட்டாலும் கிளியருக்கு அடியில் நின்றுவிடும். மூன்றாவது கோட்டைத் திரும்பத் திரும்ப வெளிச்சத்தில் பார்த்தேன்.

ஓவன் கதவைச் சாத்திவிட்டார்கள். இருபது நிமிஷமாம்.