பளிச்சென்று வந்தால் சந்தேகப்படு

ஸ்லைடுகளையும் (படம் நேராகவே பதிந்திருக்கும் பிலிம்) நெகட்டிவ்களையும் (இருளும் வெளிச்சமும் தலைகீழாகப் பதிந்த பிலிம்) ஸ்கேன் செய்து கொடுப்பதே என் வேலை. திரையில் ஒரு படம் பளிச்சென்று வந்து நின்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். கறுப்பு அட்டைக் கறுப்பாகவும் வெள்ளை தூய வெள்ளையாகவும் இருக்கிறதென்றால், இரண்டு ஓரத்திலும் எதையோ வெட்டிப் போட்டுத்தான் அந்தப் பளபளப்பு வந்திருக்க வேண்டும். ஆட்டோவில் விட்டால் பல ஸ்கேனர் மென்பொருள்கள் இதைத்தான் செய்கின்றன. ஹிஸ்டோகிராமின், அதாவது எந்த வெளிச்ச அளவில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடத்தின், இரு முனைகளையும் கொஞ்சம் கத்தரித்துவிட்டு, மிச்சத்தை இழுத்து நிரப்பிவிடும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வெட்டுப்பட்ட டோன்களை (வெளிச்சப் படிகளை) பிறகு மென்பொருளில் எந்த கர்வை வளைத்தும் மீட்க முடியாது.

புதிதாகச் சேரும் பையன்கள் எல்லோரும் கேட்பார்கள்: "அண்ணே, படம் சோகை பிடிச்ச மாதிரி இருக்கே, கொஞ்சம் காண்ட்ராஸ்ட் ஏத்தட்டுமா?"

"தாராளமா ஏத்துப்பா. முதல்ல இதை சேவ் பண்ணிட்டு, காப்பியில ஏத்து."

ஸ்லைடும் நெகட்டிவும் ஒரே ஸ்கேனருக்குள் போனாலும் அவை தரும் தொல்லைகள் நேர் எதிர். ஸ்லைடு பதிவு செய்யும் வெளிச்ச வித்தியாசம் குறைவு, ஏறக்குறைய 5 அல்லது 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). ஆனால் அதை பிலிமில் மிக அகலமாக விரித்து வைக்கும். நல்ல ஸ்லைடின் இருண்ட பகுதியில் அடர்த்தி 3.6-ஐத் தாண்டும். அடர்த்தி 3 என்றால் விழும் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஊடுருவும், 3.6 என்றால் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சொற்ப ஒளியை, சென்சார் தானாகவே கிளப்பும் நாய்ஸிலிருந்து (தாறுமாறான புள்ளிகளிலிருந்து) பிரித்தெடுக்க வேண்டும். வாசல் நிழலில் கறுப்புக் கோட்டோடு ஒருவர் நிற்கும் ஸ்லைடை லைட் பாக்ஸில் வைத்து, லூப் எனும் உருப்பெருக்கி வழியாகப் பாருங்கள். கோட்டின் மடிப்புகள், பொத்தான், தையல்கூடத் தெரியும். அதையே அவசரமாக ஸ்கேன் செய்தால் மடிப்பு இருந்த இடத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள்தான் மிஞ்சும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரே வரியைப் பல தடவை படித்துச் சராசரி எடுப்பது ஒன்று. 16 தடவை படித்தால் நாய்ஸ் நான்கில் ஒரு பங்காகும். அதற்கு மேல் போனால் நேரம்தான் விரயம். மற்றது மல்டி எக்ஸ்போஷர்: இருளுக்கென்று தனியாக நீண்ட எக்ஸ்போஷரில் (சென்சார் ஒளியை வாங்கும் நேரத்தில்) இன்னொரு ஸ்கேன் எடுத்து இரண்டையும் சேர்ப்பது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், பிலிம் அசையாமல் இருக்கும்வரை. அட்டை மவுண்டில் இருக்கும் ஸ்லைடு சூட்டில் லேசாக வளையும். இரண்டு ஸ்கேனும் மயிரிழை விலகினாலும் படம் மழுங்கிவிடும்.

எட்டக்கூடிய உச்ச அடர்த்தி என்று ஸ்கேனர் பெட்டியில் அச்சடித்திருக்கும் 4.8 என்ற எண்ணை நம்பி யாரும் வாங்க வேண்டாம். 16 பிட்டில் 65,536 படிகள் இருக்கின்றன. அதன் லாகரிதம் 4.8. அவ்வளவுதான் கணக்கு. கருவியை வைத்து அளந்து வந்த எண் அல்ல. அளவு நாடா ஆறடி நீளம் இருப்பதால் அளக்கப்படும் ஆளும் ஆறடி என்று சொல்வது போன்றது இது.

நெகட்டிவுக்கு வருவோம். காட்சியில் இருக்கும் 10 ஸ்டாப்புக்கு மேற்பட்ட வித்தியாசத்தை அது குறுகிய அடர்த்திக்குள் அமுக்கி வைக்கும். அதனால் ஸ்கேனருக்கு மூச்சு முட்டாது. சிக்கல் வேறு இடத்தில். இங்கே எல்லாம் தலைகீழ். ஸ்கேனருக்கு மிக வெளிச்சமாகத் தெரியும், எதுவும் பதியாத வெறும் பிலிம் பேஸ்தான் காட்சியின் கறுப்பு. வெளிச்ச முனையில் வெட்டு விழுந்தால் போவது மேகம் அல்ல, தலைமுடியும் நிழலும். ஆகவே நெகட்டிவையும் பாசிட்டிவ் போலவே 16 பிட்டில், எந்தத் திருத்தமும் இல்லாமல் ஸ்கேன் செய்கிறேன். இரண்டு பிரேம்களுக்கு நடுவே இருக்கும் ஒளிபடாத கோட்டையும் கொஞ்சம் சேர்த்தே எடுப்பேன். அந்தக் கோடு சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களிலும் உச்சத்தைத் தொடாமல் சற்றுக் கீழே நின்றால் எக்ஸ்போஷர் சரி.

கலர் நெகட்டிவின் பிலிமிலேயே படிந்திருக்கும் ஆரஞ்சு நிறமான மாஸ்க்தான் இதில் இடைஞ்சல். நீல ஒளியை அது நன்றாகவே தடுத்துவிடும். மூன்று சேனல்களுக்கும் ஒரே எக்ஸ்போஷர் கொடுத்தால் சிவப்பு நிரம்பி வழியும்போது நீலம் பாதிக் கிணறுகூடத் தாண்டியிருக்காது. பிறகு மென்பொருளில் நீலத்தை இழுத்தால் நாய்ஸும் சேர்ந்து இழுபடும். அது நிழலில் அல்ல, வானத்திலும் வெள்ளைச் சட்டையிலும் வந்து உட்காரும், ஏனென்றால் நெகட்டிவில் அடர்த்தியான இடங்கள் அவைதான். நீலத்துக்கும் பச்சைக்கும் தனித்தனியே எக்ஸ்போஷர் கூட்ட வசதி இருந்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

8 பிட்டில் எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நெகட்டிவின் விவரமெல்லாம் 256 படிகளில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிட்டதென்று வையுங்கள். ஏறக்குறைய 85 படிகளை இழுத்து 256 ஆக்கும்போது ஹிஸ்டோகிராமில் இடைவெளி விழுந்து பல் முளைத்தது போலாகும். கன்னத்திலும் வானத்திலும் பட்டை பட்டையாகத் தெரியும்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று, பிலிமைச் சுற்றிக் கசியும் ஒளி. பிரேமின் ஓரத்தில் இருக்கும் வெற்றிடம் வழியாக வரும் வெளிச்சம் உள்ளே சிதறி, இருண்ட பகுதிகள் மீது மெல்லிய பனிபோலப் படியும். மல்டி எக்ஸ்போஷர் போட்டாலும் இது போகாது. கறுப்பு அட்டையைப் பிரேம் அளவுக்கு வெட்டிச் சுற்றிலும் மறைத்துவிட்டால் போதும், நிழல்கள் நிமிர்ந்துகொள்ளும். ஸ்கேனர் கண்ணாடியின் உட்புறம் படியும் புகைபோன்ற படலமும் இதே வேலையைத்தான் செய்யும்.

நிறம் வெளுத்து செக்கச்செவேலென்று ஆகிவிட்ட ஸ்லைடுகளில் ஒவ்வொரு சேனலின் எல்லையும் வேறு வேறு இடத்தில் இருக்கும். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் எல்லை வைக்க வேண்டும்.

வாடிக்கையாளருக்கு இரண்டு ஃபைல் கொடுப்பது எங்கள் வழக்கம்: சோகையான 16 பிட் டிஃப் (TIFF) ஒன்று, அதிலிருந்து தேற்றிய ஜேபெக் ஒன்று. இரண்டாவதைத்தான் எல்லோரும் திறந்து பார்க்கிறார்கள்; முதலாவதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன். சிலர் தலையாட்டிவிட்டு அழித்தும் விடுவார்கள், அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

அப்புறம், எக்ஸ்போஷர் அதிகமாகிப் போன ஸ்லைடுகள். வெயில் விழுந்த சுவர் வெறும் பிலிமாகவே நிற்கும். அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. அதனால் ஸ்கேனருக்குள் வைப்பதற்கு முன்பே எல்லா ஸ்லைடையும் லூப்பில் ஒரு முறை பார்த்துவிடுகிறோம். நிழலிலும் ஒன்றும் தெரியாவிட்டால் மல்டி எக்ஸ்போஷர் கிடையாது. சாதாரண ஸ்கேன் ஒன்று போட்டுவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவோம்.