எஸ்எம்பி 1 பக்கங்களைச் சரிபார்த்த அனுபவம்

கோப்புப் பகிர்வு குறித்த எங்கள் ஆதரவுக் கையேட்டின் பக்கங்கள் திருத்தி எழுதப்பட்டபோது, அவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. திருத்தங்களில் பெரும்பகுதி, வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிர விண்டோஸ் பயன்படுத்திய பழைய எஸ்எம்பி 1 நெறிமுறையைப் பற்றியது.

வரைவின் முதல் வரியே, அந்த நெறிமுறை விண்டோஸிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதாகக் கூறியது. மைக்ரோசாஃப்ட் 2014இல் அதைக் கைவிடப்படும் அம்சமாக அறிவித்தது என்பதும், இந்த நெறிமுறையின் ஓட்டை வழியே பரவிய வன்னாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் தாக்குதல் நடந்த 2017இல் வெளியான விண்டோஸ் 10இன் 1709 பதிப்பைப் புதிதாக நிறுவினால் அதன் சர்வர் பகுதி (பிற கருவிகள் இந்தக் கணினியின் கோப்புறைகளை அணுக உதவுவது) தானாக இடம்பெறாது என்பதும் உண்மைதான். ஆனால் வேண்டுவோர் அதை விருப்ப அம்சமாகச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. எனவே அந்த வரியை மாற்றும்படி குறித்தேன்.

அதிக நேரம் பிடித்தது பழைய ஸ்கேனர் பற்றிய பத்திதான். ஸ்கேன் செய்த கோப்பு கணினியின் பகிர்வுக் கோப்புறைக்கு வந்து சேராவிட்டால், விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் எஸ்எம்பி 1 என்ற பெட்டியை 'டிக்' செய்யுமாறு வரைவு சொன்னது. அந்தப் பெட்டியை விரித்துப் பார்த்தால் உள்ளே கிளையண்ட் (இந்தக் கணினி பிற கருவிகளை அணுக உதவுவது), சர்வர், தானியங்கி நீக்கம் என மூன்று தனிப் பெட்டிகள் இருக்கின்றன. ஸ்கேனர் கணினிக்குக் கோப்பை அனுப்புகிறது என்றால் சர்வர் பகுதி தேவை. கணினியிலிருந்து பழைய சேமிப்பகம் ஒன்றைத் திறக்க வேண்டும் என்றால் கிளையண்ட் மட்டுமே போதும். மேலே உள்ள பெட்டியை அப்படியே 'டிக்' செய்யச் சொல்வது, தேவையில்லாதவர் கணினியிலும் சர்வர் கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம். மூன்றாவது பெட்டியையும் விளக்கச் சொன்னேன். 15 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் கிளையண்ட் தானாகவே நீங்கிவிடும் என்று தெரியாதவர், நேற்றுவரை வேலை செய்தது இன்று ஏன் நின்றது என்று ஆதரவுப் பிரிவைத்தான் அழைப்பார். (அத்தகைய அழைப்புகளின் எரிச்சல், அவற்றை எடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.)

வரைவில் நெறிமுறையை முடக்கும் கட்டளையை முதலிலும், யார் இன்னும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டறியும் வழியைக் கடைசியிலும் வைத்திருந்தார்கள். எஸ்எம்பி 1 அணுகலுக்கான தணிக்கையை (அதன் வழியே வரும் கருவிகளைப் பதிவுசெய்யும் வசதியை) முதலில் இயக்கி, நிகழ்வுப் பதிவில் 3000 என்ற எண்ணுடன் எந்தெந்தக் கருவிகள் பதிவாகின்றன என்று பார்த்த பிறகே முடக்க வேண்டும் என வரிசையை மாற்றக் கேட்டேன். எழுதியவர் தயங்கினார், பக்கம் நீளும் என்பது அவர் வாதம். நீண்டாலும் பரவாயில்லை என்றேன். அவர் அந்த வரிசைப்படியே ஒரு சோதனைக் கணினியில் செய்து பார்த்து, பதிவின் படத்தையும் பக்கத்தில் சேர்த்து அனுப்பிய பின் ஒப்புதல் அளித்தேன்.